வயதாகும் தோலை நுண்ணோக்கியில் பார்த்தல்: கேள்வி பதில்

கேள்வி: தோலை வெட்டி எடுக்காமலே அதன் உட்புறத்தைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒரு மூலக்கூறு ஒரே சமயத்தில் உட்கொள்ளக்கூடும் என்று இயற்பியலாளர் மரியா கோப்பெர்ட் மேயர் 1931இல் தம் ஆய்வேட்டில் கணித்தார். அந்தக் கணிப்பை 1990இல் நுண்ணோக்கியாக்கிக் காட்டியவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வின்ஃப்ரீட் டெங்க், ஜேம்ஸ் ஸ்ட்ரிக்லர், வாட் வெப் ஆகியோர். இதன் அகச்சிவப்பு லேசர் தோலுக்குள் ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டர், அதாவது இரண்டு தாள் கனம், இறங்கும். குறைவுதான், ஆனாலும் மேல்தோலைத் தாண்டி உள்தோலின் மேற்பகுதியைத் தொட அது போதும்.

கேள்வி: சாயம் ஏற்றாமல் இழைகளை எப்படி இனம் காண்கிறீர்கள்?

பதில்: தோலுக்கு உறுதி தரும் புரத இழையான கொலாஜன் 800 நானோமீட்டர் ஒளியை வாங்கி, சரிபாதியான 400 நானோமீட்டரில் திருப்பித் தருகிறது. தோலுக்கு மீள்தன்மை தரும் புரத இழையான எலாஸ்டின் அதைவிட நீண்ட அலைநீளங்களில் தானாகவே ஒளிர்கிறது. வடிகட்டிகளால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது. முன்கையின் வெளிப்பக்கம் சுருங்கியிருக்கிறது, உட்பக்கமோ வழவழப்பாக இருக்கிறது. ஏன் ஐயா?

பதில்: இரண்டு பக்கத்துக்கும் வயது ஒன்றுதான், வெயில் பட்ட அளவுதான் வேறு. புற ஊதா ஏ கதிர் உள்தோல் வரை இறங்கி, கொலாஜனைத் துண்டிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் வெளிப்பக்கத்தில் கொலாஜன் ஒளி மங்கி, எலாஸ்டின் உருக்குலைந்த திரளைகளாகப் பளிச்சென்று தெரியும். உட்பக்கத்தில் இழைகள் மெலிந்திருந்தாலும் வலையின் வடிவம் பெரும்பாலும் குலைந்திருக்காது. முதுமை என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பங்கு வெயிலின் வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் இல்லை என்பது என் எண்ணம். வயதுக்கே உரிய அடையாளமும் உண்டு: மேல்தோலும் உள்தோலும் பல்லும் பல்லுமாகக் கோத்துக்கொண்டிருக்கும் மேடுபள்ளங்கள் தட்டையாகிவிடும். பிடிப்பு தளர்வதால்தான், பிளாஸ்திரியை வேகமாக உரித்தால்கூட முதியவர்களின் தோல் கிழிந்துவிடுகிறது. நனைத்து மெதுவாக எடுங்கள்.

கேள்வி: கொலாஜன் க்ரீமின் பலனை இதில் சோதிக்கலாமா?

பதில்: அந்தக் கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் புக முடியாத அளவு பெரியது. வைட்டமின் ஏ வகைப் பூச்சு மருந்தான ட்ரெட்டினாயின் அப்படியல்ல, வெயிலால் சேதமான தோலில் அது கொலாஜன் உருவாவதைக் கூட்டுவது பயாப்ஸி ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எந்தப் பூச்சைச் சோதித்தாலும், மாதக்கணக்கில் அதே இடத்தை அதே ஆழத்தில் பார்க்க வேண்டும். ஓர் அங்குலம் தள்ளிப் பார்த்தாலே படம் மாறிவிடும் என்பதால், ஒற்றைப் படத்தைக் காட்டி விற்பவர்களை நான் நம்புவதில்லை.