புளிக்குளமும் மௌன வசந்தமும்

அன்புள்ள ஐயா,

தக்கலைக்கு அருகே ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பசுமை மன்றத்தின் சார்பில் சுற்றுச்சூழல் குறித்த படங்களை மாணவர்களுக்குத் திரையிட்டு வருகிறோம். துருவக் கரடிகளைக் கண்டு கலங்கும் பிள்ளைகள், பள்ளிக்கு எதிரே குளத்தில் மண்ணடிக்கும் லாரிகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ‘2.0’ படத்துக்கு மட்டும் கைதட்டல் பலமாக இருந்தது. நம் குமரி மாவட்டத்தை வைத்து நல்ல சூழலியல் படைப்பு ஒன்றுகூட வராதது ஏன்? அவர்களுக்கு எதைப் படிக்கக் கொடுக்கலாம்?

க., தக்கலை

அன்புள்ள க.,

வந்திருக்கிறது, அந்தப் பெயரில் நாம் அதை வாசிக்கவில்லை. 1966இல் வெளியான சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலில், நாற்சந்தியில் நிற்கும் மரம் முன்பு புளிக்குளத்தின் நடுவே நின்றது. மன்னர் வந்தபோது குளத்தின் நாற்றம் இடைஞ்சலானதால் குளம் தூர்க்கப்படுகிறது. பின்னர் பூங்கா அமைப்பதற்காகக் காற்றாடி மரத்தோப்பு வெட்டப்படுகிறது. கடைசியில் கடைக்காரர்களின் போட்டியும் நகராட்சித் தேர்தலும் பத்திரிகைக்காரர்களின் சூழ்ச்சியும் ஒன்றுசேர்ந்து, மரம் நஞ்சுக்குப் பலியாகிறது. இவர்களில் மரத்தின்மேல் தனிப்பட்ட பகை கொண்டவர் என்று எவரையும் சொல்வதற்கில்லை. தூய்மை, அழகு, முன்னேற்றம், வாக்கு என்று ஒவ்வொருவரிடமும் ஊர் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று இருந்தது.

சூழலியல் படைப்பிடம் நான் எதிர்பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். 2018இல் வந்த ‘2.0’ அதைக் காட்டவில்லை. செல்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே பறவைகளைக் கொல்கிறது என்பது அறிவியல் நிறுவிய உண்மையன்று என்பதை ஒதுக்கிவைத்தாலும், குற்றம் முழுவதையும் ஒரு கருவியின்மேல் ஏற்றிவிட்டதால் பார்வையாளருக்கு அதில் பங்கில்லாமல் போகிறது. அரங்கைவிட்டு வெளியே வந்ததும் எல்லோரும் செல்பேசியைத்தானே எடுத்தோம்!

அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ (1962) இதற்கு நேர்மாறானது. எல்ம் மரங்களைத் தாக்கிய நோயைத் தடுப்பதற்காக, அதைப் பரப்பும் வண்டுகளின்மேல் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள், மருந்து படிந்த இலைகள் உதிர்ந்தன, அவற்றை மண்புழுக்கள் தின்றன, மறு வசந்தத்தில் அப்புழுக்களைத் தின்ற ராபின் பறவைகள் செத்து விழுந்தன. தெளித்தவர்கள் மரத்தைக் காப்பாற்ற நினைத்தவர்கள் என்பதை மறைக்காமலே கார்சன் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துக் காட்டுகிறார். வேதிப்பொருள் நிறுவனங்கள் அவரை அஞ்சியதற்கு அவருடைய நடையழகைவிட இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 1963 ஏப்ரலில் சி.பி.எஸ். தொலைக்காட்சி அந்நூலைப் பற்றி நிகழ்ச்சி ஒளிபரப்ப முன்வந்தபோது, ஐந்து விளம்பரதாரர்களில் மூவர் விலகிக்கொண்டார்கள், நிகழ்ச்சி நிற்கவில்லை. மறு ஆண்டே கார்சன் புற்றுநோயால் இறந்தார். அமெரிக்காவில் டி.டி.டி. தடைசெய்யப்பட்ட 1972ஐ அவர் பார்க்கவில்லை.

நம் மாவட்டத்துக்கு இப்படிப்பட்ட எழுத்துதான் வேண்டும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் ஏலாக்களில், அதாவது வயல்வெளிகளில், நெல் போய் வாழையும் தென்னையும் ரப்பரும் வந்தன. பிறகு பல இடங்களில் வீட்டுமனைகள் வந்தன. நெல்லில் கட்டுப்படியாகாதவர் வாழை வைத்ததையோ, மகளின் கல்யாணத்துக்காக வயலை விற்றதையோ வில்லத்தனம் என்று யார் சொல்வார்? திரைக்கதைக்கு வில்லன் தேவைப்படுவதால் நம் குளங்கள் சினிமாவுக்குள் நுழையவில்லை போலும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது நாளிதழ்கள் வலசைப் பறவைகளின் படங்களை அழகாக வெளியிட்டன. அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சானல்களைப் பற்றியும், அத்தண்ணீரை நம்பியிருந்த வயல்களைப் பற்றியும் அதே அளவுக்கு எழுதியிருந்தால் செய்தி முழுமையடைந்திருக்கும். பாசனத்துக்குத் தேவைப்பட்டவரை குளத்துக்குக் காவல் இருந்தது. தேவை போனபின் அது மண்ணடிக்கத் தோதான பள்ளமாகிவிட்டது.

உங்கள் மாணவர்கள் லாரியைப் பார்க்காததற்கு அவர்களை நோகாதீர்கள். துருவக் கரடிக்குப் பின்னணி இசையும் விளக்கும் குரலும் இருக்கின்றன. லாரிக்கு அவை இல்லை. அந்தக் குளம் யார் பெயரில் இருக்கிறது, எந்தச் சானலிலிருந்து தண்ணீர் வந்தது, கடைசியாக எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கரடிப் படங்களை நிறுத்த வேண்டியதில்லை.

வாசிக்கக் கொடுப்பதானால் ‘மௌன வசந்தம்’ நூலில் ராபின் பறவைகள் வரும் அத்தியாயம் மட்டும் இப்போதைக்குப் போதும். முழு நூலும் அந்த வயதில் கனம். புளியமரத்தின் கதையில் தாமோதர ஆசான் கதை சொல்லும் பகுதிகளிலிருந்து தொடங்கலாம். வெளியூர் வாசகர்கள் சிலர் அதன் வட்டார வழக்கில் தட்டுத் தடுமாறுவார்கள்; தக்கலைப் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் இராது.