தாய்ப்பாலைச் சூடாக்க வார்மர் வாங்க வேண்டுமா?

கேள்வி: பேறுகால விடுப்பு முடிந்து அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். பிரெஸ்ட் பம்ப் வாங்கிவிட்டேன். கடையில் பாட்டில் வார்மர், சேமிப்புப் பை, டப்பா எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். பகலில் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வார். எதை வாங்கலாம், எதை விடலாம்?

பதில்: வார்மரை விட்டுவிடுங்கள். அது செய்யும் வேலையை ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர் செய்துவிடும். மூடிய பாட்டிலை அதில் சில நிமிடம் நிறுத்தி வையுங்கள். மேலே ஒதுங்கியிருக்கும் கொழுப்பு கலக்கும்படி மெல்லச் சுழற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குழந்தை ஏற்றுக்கொண்டால் சூடாக்காமலே கொடுக்கலாம். பல வார்மர்களில் பாலை மணிக்கணக்கில் இளஞ்சூட்டிலேயே வைத்திருக்கும் வசதியைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். கிருமி பெருகத் தோதான சூடு அதுதான். பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

மாமியாரிடம் ஒன்றை முன்பே பேசிவிடுங்கள். பால் என்றால் பொங்கக் காய்ச்சுவதுதான் நம் வீட்டுப் பழக்கம். தாய்ப்பாலை அடுப்பில் வைக்கவே கூடாது. சூடு ஏற ஏற அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்து குறையும். மைக்ரோவேவும் வேண்டாம். பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஒரு பகுதி மட்டும் கொதித்திருக்கும். குழந்தையின் வாய் வெந்துவிடும்.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் சேமிப்புதான். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையிலான அறையில் 4 மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் நம் வீட்டு அறைகள் 25 டிகிரியில் இருப்பதில்லை. அதனால் எடுத்த உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். 4 டிகிரியில் 4 நாள் வரை இருக்கும். திறக்கும்போதெல்லாம் வெப்பம் படும் கதவுத் தட்டில் வைக்காமல், உள்ளே பின்பக்கமாக வையுங்கள். ஒரு சின்ன ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி வைத்தால் சந்தேகமே இராது.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்பெட்டியை ஃப்ரீசர் என்று நம்பி மாதக்கணக்கில் சேர்க்காதீர்கள். 6 மாதக் கணக்கெல்லாம் தனிக்கதவுள்ள, மைனஸ் 18 டிகிரியில் நிற்கும் ஃப்ரீசருக்குத்தான். உங்களுடையதில் 2 வாரத்துக்கு மேல் வேண்டாம். உறைந்ததை முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். முழுவதும் இளகிய பிறகு 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. கரண்ட் போய்விட்டால் பாலைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் துகள் இன்னும் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம்.

அலுவலகத்தில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் நல்ல கூலர் பையும் நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகளும் போதும். 24 மணி நேரம் வரை தாங்கும். டப்பா, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடியோ பிபிஏ என்ற வேதிப்பொருள் இல்லாத கெட்டி பிளாஸ்டிக்கோ எதுவானாலும் சரி. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, 60 மில்லியாகப் பிரித்து வையுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்தது 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அரும்பாடுபட்டு எடுத்த பாலைக் கொட்ட யாருக்கும் மனசு வராது, அதனால்தான் சிறிதாகப் பிரிக்கச் சொல்கிறேன். ஊட்டுவதற்குப் பாட்டில்தான் வேண்டும் என்றில்லை. உங்கள் மாமியாருக்குப் பாலாடை கைவந்த கலையாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கொதிக்கவைத்துக் கழுவ அதைவிட எளிதான பாத்திரம் கிடையாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, உடம்பு சரியில்லாத குழந்தை என்றால் இந்தக் கணக்குகள் பொருந்தாது. மருத்துவர் சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள்.

கேள்வி: உறைய வைத்த பாலில் சோப்பு வாடை வருகிறது. சேமிப்புப் பை மட்டமானதா? கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பையின் மேல் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. தாய்ப்பாலில் இயல்பாகவே இருக்கும் லிபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைக்கும்போது அந்த வாடை வரும். சொன்ன காலத்துக்குள் எடுத்த பால் என்றால் கெடுதல் இல்லை, குழந்தை குடித்தால் கொடுங்கள். புளித்த, ஊசிய வாடை என்றால் மட்டும் கொட்டிவிடுங்கள். பை கசிந்தாலோ தையல் பிரிந்தாலோ பில்லோடு போய்த் தாராளமாகக் கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்திய பையைக் கழுவி மறுபடி எடுக்காதீர்கள். நிரப்பும்போது மேலே ஒரு அங்குலம் விடுங்கள், பால் உறையும்போது விரியும்.

கேள்வி: பால் பவுடர் டப்பா வாங்கினால் ஃபீடிங் பாட்டில் இலவசம் என்று கடையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட நம் நாட்டுச் சட்டம், குழந்தைப் பால் பவுடருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையும், அவற்றை விற்க இலவசப் பொருள் காட்டி இழுப்பதையும் தடை செய்கிறது. அந்த அறிவிப்பைப் படம் எடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள்.