அதே யானை

அன்புள்ள சார்,

சென்ற மாதம் நானும் மனைவியும் ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் போய்வந்தோம். மூன்று இரவுப் பயணம் ஒன்று, அது முடிந்த அன்றே அதே கப்பலில் நான்கு இரவுப் பயணம் இன்னொன்று. ஏழு இரவுப் பயணமாகவே எடுத்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

முதல் மூன்று நாளும் குறையே இல்லை. எங்கள் கேபினைப் பார்த்துக்கொண்ட ஸ்டூவர்ட் அவ்வளவு பிரியமாக நடந்துகொண்டார். முதல் நாள் இரவு கட்டிலில் துண்டால் ஒரு யானை செய்து, என் மனைவியின் குளிர்கண்ணாடியை அதற்கு மாட்டி வைத்திருந்தார். ‘உங்களைப் போன்ற விருந்தினர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்’ என்றார். நாலாம் நாள் காலை எதிர் கேபின்காரர்கள் இறங்கினார்கள். அவர்களைப் பிரிய மனமில்லாதவர்போல் நின்றார். மதியம் அதே கேபினுக்கு வேறொரு குடும்பம் வந்தது. அவர்களிடமும் அதே வாசகம், அதே சிரிப்பு. அன்று இரவு எங்கள் கட்டிலிலும் அதே யானை, அதே கண்ணாடி.

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அத்தனையும் நடிப்பா? மீதி நான்கு நாளும் மனம் ஒட்டவில்லை. அடுத்த முறை ஒரே நீண்ட பயணமாகப் போய்விடுவதுதான் நல்லதா? இன்னொன்று, இரண்டாவது பயணத்திலும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்களே, அது அவசியமா?

ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது வேறொரு வேலையில் இருந்தேன். அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன். காரணம், அந்த யானை. சில மாதங்களாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நீங்கள் துண்டில் மடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

முதலில் சில்லறை விஷயங்கள். ஏழு இரவா, மூன்றும் நான்குமா என்பது உங்கள் விடுப்பும் பணமும் சொல்ல வேண்டியது. அடுத்தடுத்து எடுப்பதென்றால் இரண்டுக்கும் ஒரே கேபினைக் கேட்டு வாங்குங்கள், பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலை மிச்சம். இணையம், பானம் போன்றவற்றைப் பயணத்துக்குப் பயணம் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். நண்பர்கள் சொல்வதை விடுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சி அவசியமா என்று கேட்டதற்கு மட்டும் கோபம் வந்தது. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதியது. கப்பலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பல நூறு பேருக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதியைத் திருத்தினார்கள். 2015 முதல் அதுதான் நடைமுறை. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல், அதுதான் கப்பலின் ஆபத்து அறிவிப்பு. அதை இரண்டாம் முறை கேட்பதற்குப் பத்து நிமிடம் ஆகுமா? இருட்டில், சாய்ந்த தரையில், எந்தப் படிக்கட்டு என்று உங்கள் கால்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, யானைக்கு வருகிறேன்.

‘நடிப்பா?’ என்று கேட்கிறீர்கள். ஒரே சொல்லை இரண்டு பேரிடம் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நம் காலத்தின் பெரிய மூடநம்பிக்கை இதுதான் என்று நினைக்கிறேன். முதல்தடவை வாயில் வருவது மட்டும்தான் உண்மை, பழகிய சொல் போலி என்ற நினைப்பு. பழகாத சொல்லில் உண்மையைவிடத் தடுமாற்றம்தான் அதிகம். துக்க வீட்டுக்குப் போய் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றிருக்கிறீர்கள் அல்லவா? அங்கே வந்தவர்களில் யாருக்குத் துக்கம் விசாரித்துப் பழக்கமோ, அவர் பக்கத்தில்தான் வீட்டுக்காரர்கள் போய் உட்காருகிறார்கள். அவர் எல்லா வீட்டிலும் அதே நாலு வார்த்தைதான் சொல்கிறார். யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்வதில்லை.

என் அம்மா பிரசவ வார்டில் நர்ஸ். சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், அப்புறம் வீட்டுக்கு. காலையில் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவாள். அம்மா அந்தக் கட்டிலின் ரெக்சின் மெத்தையை ஃபினாயில் தண்ணீரால் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை துடைத்து, புதிய விரிப்பை நான்கு மூலையும் இழுத்துச் செருகுவாள். பிறகு குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வருவாள். மதியத்துக்குள் அந்தக் கட்டிலில் இன்னொருத்தி முனகிக்கொண்டிருப்பாள். பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். உள்ளிருந்து அம்மா குரல் கேட்கும். ‘இதோ ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான் கண்ணு.’ ஒரே மாலையில் அந்த வாக்கியத்தை மூன்று பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு எழுத்து மாறாது. ‘கண்ணு’வுக்கு முன்னால் விடுகிற மூச்சுகூட மாறாது.

ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். அம்மாவே ஊசி போட்டாள். போடும்போது அதே வாக்கியம் வந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கிவிட்டது. ‘இது நீ எல்லாருக்கும் சொல்றது’ என்று கத்தினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே, ‘ஆமா. வேற என்ன சொல்லணும்? நீ சொல்லு, அதைச் சொல்றேன்’ என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் யோசித்துப் பார்த்தேன். அதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

சம்பளம் வாங்கித்தான் சொன்னாள். உங்கள் ஸ்டூவர்ட்டும் அப்படித்தான். டிப்ஸ் இருக்கிறது, பயணம் முடிந்ததும் நிறுவனம் அனுப்பும் மதிப்பெண் படிவம் இருக்கிறது. அந்தப் பயம் அவர் சிரிப்பில் கலந்தே இருக்கும். அதற்காகச் சிரிப்பு முழுவதையும் தள்ளிவிடுவீர்களா?

நீங்கள் போன பயணத்தின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். முன்பெல்லாம் புத்தம்புதிய பெரிய கப்பலென்றால் ஏழு இரவுப் பயணத்துக்குத்தான் விடுவார்கள், பழைய கப்பல்களை மூன்று நான்கு இரவுக்குத் தள்ளுவார்கள். 2024-இல் வந்த யுட்டோபியா ஆஃப் த சீஸ் முதல் நாளிலிருந்தே ஃப்ளோரிடாவின் போர்ட் கனாவெரலிலிருந்து மூன்று இரவு, நான்கு இரவு என்றுதான் ஓடுகிறது. கேபினுக்கு இருவர் என்று வைத்தாலே 5,600 பேருக்கு மேல். வாரத்துக்கு இரண்டு முறை அத்தனை பேரும் இறங்கி, அத்தனை பேர் புதிதாக ஏறுகிறார்கள். வருடத்துக்கு 104 தடவை. இப்படி ஒரு கப்பலில் எட்டு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் ஸ்டூவர்ட் சுமார் எழுபது முறை வழியனுப்பி, எழுபது முறை வரவேற்கிறார். ஒவ்வொரு முறையும் பத்துக்கு மேற்பட்ட கேபின்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி ஒரு நாளில் 10 மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு துண்டு 6 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். ஆறு மணி நேரம் தூங்கி எழுந்த ஒருவர் எழுபதாவது தடவையாக உங்களைப் பார்த்து, அதிர்ஷ்டம் என்று சொல்கிறார். எழுபது விதமாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா?

நீங்கள் சீட்டு வாங்கியது ஒரு கேபினுக்கும் சாப்பாட்டுக்கும் கடலுக்கும். அந்த மனிதரின் மனமும் உங்களுக்கு மட்டும் என்று அந்தச் சீட்டில் எங்கே எழுதியிருந்தது? எதிர் கேபின்காரருக்குக் கிடைத்ததால் உங்களுக்குக் கிடைத்தது எந்த வகையில் குறைந்தது? கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. மனம் ஒட்டாமல் போன அந்த நான்கு நாளையும் அவரும் உங்களோடுதான் கழித்திருக்கிறார் என்பதால் எழுதுகிறேன். உங்கள் முகம் மாறியதை அவர் கவனித்திருப்பார். நேற்றுவரை சிரித்துப் பேசிய விருந்தினருக்கு என்ன ஆயிற்று, தான் என்ன தவறு செய்தோம் என்று தேடியிருப்பார்.

நானும் ஒருமுறை இப்படி அடுத்தடுத்து இரண்டு பயணம் போனேன், ஃப்ளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்கு. நடுவில் வரும் அந்தக் காலை உங்களுக்கும் நினைவிருக்கும். இரவே பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டவர்கள் விடிந்ததும் வரிசையாக இறங்கிப் போகிறார்கள். தொடர்ந்து பயணம் செய்பவர்களை ஒரு ஹாலில் சேர்த்து, கடைசியில் மொத்தமாக வெளியே அழைத்துப்போய், குடிவரவுச் சோதனை முடித்து, புதியவர்கள் ஏறும் முன் திரும்ப உள்ளே விடுகிறார்கள். அப்போது கப்பல் காலி. நீச்சல் குளத்துத் தண்ணீர் ஆடாமல் இருக்கிறது. ஐயாயிரம் பேர் கப்பலில் நாங்கள் நாற்பது பேர்.

என் தளத்துக்கு வந்தேன். நீளமான நடைவழியில் கண்ணுக்கு எட்டியவரை எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. வாசலுக்கு வாசல் அழுக்கு விரிப்புக் குவியல். என் பக்கத்துக் கேபினில் எங்கள் ஸ்டூவர்ட் தலையணையை மோவாயில் இடுக்கிக்கொண்டு உறையை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிரார்த்தனை என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் தலையணையைக் கீழே போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அன்று மதியம் வரப்போகிறவர்களின் பட்டியல். கேபின் எண், பக்கத்தில் பெயர். சில பெயர்களின் மேல் பென்சிலால் அவருடைய மொழியில் ஏதோ குறித்து வைத்திருந்தார். ஒரு பெயரைத் தொட்டு, ‘இது உங்கள் மொழியா? எப்படிச் சொல்ல வேண்டும்?’ என்று கேட்டார்.

பெயரின் நடுவே ஒரு ழகரம். ஆங்கிலத்தில் பார்த்தால் அவர் என்ன செய்வார்? நான் சொன்னேன். அவர் சொன்னார், லகரம் வந்தது. நாக்கை மடிக்கச் சொன்னேன். ரகரம் வந்தது. வாயைத் திறந்து காட்டினேன். அவரும் திறந்து காட்டினார். மணி பதினொன்று ஆகப்போகிறது, இன்னும் ஏழெட்டு கட்டில் பாக்கி, கீழே புதியவர்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அந்த மனிதர் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ழகரம் பழகிக்கொண்டிருந்தார்.

மதியம் அந்தப் பெண் வந்தார். வயதானவர், தனியாக, ஒரு கைத்தடியோடு. ஸ்டூவர்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பெயரைச் சொன்னார். முழுசாக வரவில்லை, முக்கால்வாசி ழகரம். அந்தம்மா நின்று, தடியை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு, ‘இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று தமிழிலேயே கேட்டார். ஸ்டூவர்ட்டுக்குத் தமிழ் எங்கே புரியும்? ஆனால் மறுபடி சொன்னார்.

அதற்கடுத்து ‘உங்களைப் போன்ற விருந்தினர் கிடைத்தது…’ என்று ஆரம்பித்தார். மூன்று நாள் முன்பு என்னிடம் சொன்ன அதே வாசகம்.

அன்று இரவு நம் யானையை அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரிய துண்டை இரண்டு முனையிலிருந்தும் நடுவரை இறுகச் சுருட்டி, வளைத்து நிறுத்தினால் நான்கு கால். சிறிய துண்டில் தலை. தும்பிக்கை நுனியை விரலால் ஒரு திருகு திருகி மேலே தூக்கிவிட்டார். முழுதும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கடைசித் திருகல் இல்லாவிட்டாலும் அது யானைதான். அவர் அதை விட்டதே இல்லை.

ர., உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்துவிட்டேன். அதில் அவர் பெயரைக் காணவில்லை. ‘ஸ்டூவர்ட்’ என்றும் ‘அவர்’ என்றும்தான் இருக்கிறது. பெயர் அவர் நெஞ்சிலேயே இருந்தது, பட்டையில், கீழே அவர் நாட்டின் பெயரோடு. ஏழு நாள் தினமும் இரண்டு வேளை பார்த்திருக்கிறீர்கள். மனைவியிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும். குளிர்கண்ணாடி அவருடையதுதானே. கேட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த பயணம் மூன்று இரவா ஏழு இரவா என்பதை அப்புறம் பேசுவோம்.