பச்சைக் கல் காட்டும் ஊட்டி வழி

ஈரோட்டிலிருந்து ஊட்டி வரைக்கும் ஒரே சாலைதான், எங்கள் ஊரில் நிற்கும் கல்லிலும் கோத்தகிரி மலையில் நிற்கும் கல்லிலும் ஒரே எண்தான் என்கிறான் என் தம்பி. உண்மையா?
*(கோபியிலிருந்து ஒரு வாசகி)*

உண்மைதான். மாநில நெடுஞ்சாலை 15. கல்லின் தலை பச்சையாக இருந்தால் மாநிலச் சாலை, மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, அவ்வளவுதான் கணக்கு. ஈரோட்டில் கிளம்பி சித்தோடு, கவுந்தப்பாடி, உங்கள் கோபி, சத்தி, சிறுமுகை, மேட்டுப்பாளையம், அப்புறம் மலையேறி கோத்தகிரி, ஊட்டி. கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலை ஓடுகிற நாளில் போனால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், பாகு காய்கிற வாசனை வண்டிக்குள்ளேயே வந்துவிடும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போவதும் இந்த ஊரிலிருந்துதான்.

ஊட்டிக்குக் குன்னூர் வழிதான் ஆதி வழி, கோத்தகிரிச் சாலை பிறகு போட்ட மாற்றுப் பாதை என்று எங்கள் வீட்டுப் பெரியவர் சொல்கிறார். சரியா?
*(மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர்)*

பெரியவர் மன்னிக்கட்டும், அது தலைகீழ். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறியபோது போய்த் தங்கியது கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் திம்பட்டியில். அடுத்த சில ஆண்டுகளில் சிறுமுகையிலிருந்து அந்தப் பக்கமாகத்தான் முதல் மலைப்பாதையை வெட்டினார்கள். ஊட்டியில் அவர் கல் பங்களா கட்டியதெல்லாம் திம்பட்டிக்கு அப்புறம்தான். குன்னூர் மலைப்பாதை 1830-களில்தான் வருகிறது. வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது, மலை ரயிலும் 1899-ல் குன்னூருக்கே போய்ச் சேர்ந்தது, கோத்தகிரி ஒதுங்கிப்போனது. இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து நாம் ஏறுவது அந்தப் பழைய தடம் இல்லை, பின்னால் போட்ட சாலைதான், ஆனால் ஊட்டிக்குக் கோத்தகிரி வழியாகப் போகும் வழக்கம் குன்னூர் சாலையைவிட மூத்தது. இந்தச் சாலையை 'மாற்றுப் பாதை' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மழைக்காலத்தில் குன்னூர் சாலையில் மண் சரிந்தால் எல்லோரும் ஓடி வருவது இங்கேதானே! கோத்தகிரி போகிறவர்கள் கன்னேரிமுக்கு வரை ஒரு நடை போய் வாருங்கள், சல்லிவன் தங்கியிருந்த பங்களாவைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள்.

மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம், குழந்தைகள் இருக்கிறார்கள். கோத்தகிரி வழியாக ஏறலாமா?
*(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)*

சீசனில் பெரும்பாலும் ஒருவழிப் போக்குவரத்து ஆக்கிவிடுவார்கள், குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வரும்போது இந்தச் சாலைதான் என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஊட்டியை விட்டதும் தொட்டபெட்டா பிரிவு, அப்புறம் தேயிலைத் தோட்டங்கள், கோத்தகிரி தாண்டினால் ஒரே இறக்கம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி மலையிலேயே அது சூடாகி கருகல் வாடை அடிக்கும். இருட்டுவதற்குள் அந்த இறக்கத்தில் வரும் குஞ்சப்பனையைத் தாண்டிவிடுங்கள். பலா பழுக்கும் மாதங்களில் அங்கே யானைகள் பழத்துக்காகச் சாலைக்கே வந்துவிடும். எதிரில் வந்தால் ஹாரன் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம், தள்ளி நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள், சாப்பிட்டுவிட்டு அதுவே போய்விடும்.