உங்கள் காசை உங்களுக்கே வாங்கித் தர 20 சதவீதமா?

கேள்வி: பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு இணையதளம் செய்து தருகிறேன். 2025-26ல் மொத்தம் ரூ.7,20,000க்கு வேலை. 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்கள். ஏஜென்ட் ஒருவர் முழுப் பணத்தையும் ரீஃபண்ட் வாங்கித் தருவதாகவும், அதில் 20 சதவீதம் தனக்கு வேண்டும் என்றும் சொல்கிறார். பாண்டிச்சேரிக்கு வருமான வரி குறைவாம். வாடிக்கையாளர்கள் வெளிமாநிலம் என்பதால் ஜி.எஸ்.டி. எண்ணும் எடுக்கணுமாம். நம்பலாமா?

பதில்: பிடித்தது ரூ.72,000. அவர் கேட்பது ரூ.14,400. அதற்கு அவர் செய்யப்போகும் வேலை, ஒரு படிவத்தை நிரப்புவது.

பாண்டிச்சேரியில் பெட்ரோல் விலை வேறாக இருக்கலாம், வருமான வரி வேறில்லை. கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஒன்றுதான். ஆனால் உங்கள் மாதிரி கணினித் துறையில் சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. வந்த பணத்தில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும். மீதிப் பாதி செலவு என்று துறையே எடுத்துக்கொள்ளும், பில் கேட்காது. 44ஏடிஏ பிரிவு என்பார்கள். (2026 ஏப்ரலிலிருந்து புதிய சட்டம், பிரிவு எண்களும் மாறிவிட்டன. பழைய எண் மனப்பாடமாவதற்குள் மாற்றிவிடுவார்கள். உங்கள் 2025-26 கணக்குக்குப் பழைய சட்டம்தான்.)

பாதி என்றால் ரூ.3,60,000. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. வங்கி வட்டி கொஞ்சம் சேர்ந்து அதைத் தாண்டினாலும் 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. ஆக ரூ.72,000 முழுதும் திரும்பி வரும். ஐ.டி.ஆர்.-4, அதாவது சுகம் படிவம். பெயரில் மட்டும்தான் சுகம் என்றாலும், ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். பயமாக இருந்தால் ஆடிட்டரிடம் போங்கள். வேலைக்கு இவ்வளவு என்று கூலி கேட்பவர் நல்லவர், ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் நிற்காதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? பங்குக்கு வேலை செய்பவர் தொகையைப் பெரிதாக்கப் பார்ப்பார். கட்டாத இன்சூரன்ஸ், கட்சிக்குக் கொடுக்காத நன்கொடை என்று எதையாவது எழுதுவார். உங்களுக்கு அது தேவையே இல்லை. பிடித்த வரிக்கு மேல் ஒரு ரூபாய்கூட ரீஃபண்ட் வராது. பொய்க் கழிவு பிடிபட்டால், ஏய்த்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம். நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும், கமிஷன் வாங்கியவர் பெயருக்கு வராது.

தாக்கல் செய்யுமுன் 26ஏஎஸ் பாருங்கள். உங்கள் பெயரில் எவ்வளவு வரி கட்டப்பட்டிருக்கிறது என்று வருமான வரித் தளத்தில் காட்டும் பட்டியல் அது. பிடித்த வரியைச் சில நிறுவனங்கள் அரசுக்குக் கட்டுவதேயில்லை. அந்த வரியை உங்களிடம் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? அது பாட்டுக்கு உங்களுக்கு டிமாண்ட் அனுப்பும். அந்த நிறுவனத்தை இப்போதே துரத்துங்கள்.

சரி, ஜி.எஸ்.டி. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். வெளிமாநிலத்துக்குச் செய்தாலும் வேண்டாம். 2017 அக்டோபரிலேயே தெளிவாக்கிவிட்டார்கள். இன்றும் அதை வைத்துப் பயமுறுத்துகிறார்கள், ஏனென்றால் பதிவு செய்துவிட்டால் விடாமல் ரிட்டர்ன், விடாமல் அவர்களுக்கு ஃபீஸ்.

பொருள் விற்றால் கதை வேறு. உங்கள் வீட்டில் யாராவது ஊறுகாய் போட்டு கடலூர் மஞ்சக்குப்பத்துக் கடைக்கு அனுப்பினால், முள்ளோடை எல்லையைத் தாண்டியதும் அது வெளிமாநில விற்பனை. முதல் பாட்டிலிலிருந்தே பதிவு வேண்டும். பாண்டிச்சேரிக்குள்ளேயே விற்றால் 20 லட்சம் வரை வேண்டாம். அதே ஊறுகாயைக் கடலூரில் போட்டுத் தமிழ்நாட்டுக்குள் விற்பவருக்கு 40 லட்சம் வரை வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு அளவு. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்தவன்தான்.

அப்புறம் ஒன்று. ஏஜென்ட்கள் வருமான வரித் தளத்தில் தங்கள் மொபைல் எண்ணையும் மெயிலையும் போட்டுவிடுவார்கள். நோட்டீஸ் வந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பான் எண்ணும் ஓ.டி.பி.யும் அவரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே தளத்துக்குள் போய் மொபைல் எண், மெயில், பாஸ்வேர்டு, ரீஃபண்ட் போகும் வங்கிக் கணக்கு நான்கையும் பார்த்து மாற்றுங்கள்.