நானோ மருந்தும் மார்பகப் புற்றுநோயும்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர் கேள்விகள்

பதில் சொல்பவர் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது மருந்து வடிவமைப்பு ஆய்வில் இருப்பவர்.

அக்கா, நானோ என்றால் புது மருந்தா?
பெரும்பாலும் பழைய மருந்துதான், வண்டிதான் புதுசு. பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கலந்து ஏற்றினார்கள். அதுவே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கவேண்டி வந்தது. அதே மருந்தின் நானோ வடிவமான அப்ராக்சேனில் அந்தக் கரைப்பான் இல்லை. மருந்தை அல்புமின் புரதத்தோடு சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துகளாக்கியிருக்கிறார்கள். பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்கா 2005-இல் அனுமதித்தது. குப்பியில் பொடியாக இருக்கும். உப்புநீரைக் குப்பியின் சுவரோரமாக மெல்ல விடவேண்டும். பொடிமேல் நேரே பாய்ச்சினால் நுரைத்துவிடும். ஊறவிட்டு மெதுவாகச் சுழற்றினால் பால்போல் ஆகும்.

முடி கொட்டாதா?
அப்ராக்சேனில் கொட்டும். லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழியில் அடைத்த டாக்சோரூபிசின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தில் அது குறைவு, இதயத்துக்கும் பாதிப்பு குறைவு. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியலாம்.

டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலை?
மருந்தாகாது. குடிக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

துகள் நேராகக் கட்டிக்குத்தான் போகுமாமே? (ஓர் ஆசிரியர்)
இல்லை சார். பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: எலிகளில் ஏற்றியதில் கட்டிக்குச் சேர்ந்தது, இடைநிலை அளவாக, 0.7 விழுக்காடு. மிச்சத்தில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

அப்புறம் எதற்கு இவ்வளவு செலவு? (அதே ஆசிரியர்)
விடமாட்டீர்கள்போல! சாதாரண மருந்து மட்டும் முழுசாகவா கட்டிக்குப் போகிறது? இதயத்துக்குப் பாதிப்பு எவ்வளவு குறைந்தது என்றும் பாருங்கள். கட்டியின் ரத்தக்குழாய் ஒழுகும், துகள் அங்கே தங்கும் என்று 1986-இல் மட்சுமுரா, மேதா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலிக்குக் கட்டி மளமளவென்று வளரும், குழாய் ஓட்டையாக இருக்கும். மனிதரில் ஆளுக்கு ஆள், ஒரே ஆளிடம் கட்டிக்குக் கட்டி மாறும். எலியில் ஜெயித்தது ஆஸ்பத்திரியில் தோற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

துகளில் ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒட்டினால் கட்டியைத் தேடிப் போகுமே? (இன்னொருவர்)
தேடாது. ரத்த ஓட்டம் கொண்டுபோய் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான். போகும் வழியில் ரத்தப் புரதங்கள் அதன்மேல் படிந்து மூடிவிடுவதும் உண்டு.

நேரடி விற்பனையில் நானோ தண்ணீர்...
மறுபடியுமா! புற்றுநோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வதற்கு மருந்து விளம்பரம் பற்றிய மலேசியாவின் 1956 சட்டத்திலேயே தடை. பாட்டிலில் மால் (MAL) என்ற மலேசிய மருந்துப் பதிவு எண் இருந்தால் பதிவான பொருள், அவ்வளவே. எண்ணின் கடைசியில் ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து.

அம்மாவுக்கு எந்த ஊசி நல்லது?
தம்பி, அதை நான் சொல்லக்கூடாது. ஹெர்2 புரதமும் ஹார்மோன் ஏற்பியும் கட்டியில் உண்டா என்ற முடிவுகள் இருக்கும் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையோடு புற்றுநோய் டாக்டரைப் பாருங்கள். இதய ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.