வாசகர் கேள்வி: அறிக்கை ஆங்கிலம்

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். முகாமையாளர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் திருத்தியே திருப்பி அனுப்புகிறார். எங்கே தவறுகிறேன்?
- வாசகர், ஹட்டன்

பதில்: நீங்கள் இணைத்திருந்த பக்கத்தில், 'த டெம்பரேச்சர் ஒஃப் த டிரையர்ஸ் ஆர் ஹை' என்றுள்ளது. எழுவாய் டெம்பரேச்சர் என்னும் ஒருமையாக இருக்க, அருகில் நிற்கும் டிரையர்ஸ் என்ற பன்மையைப் பார்த்து 'ஆர்' எழுதிவிட்டீர்கள். அங்கே 'இஸ்' வரவேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, 'ஆஃப்டர் கிளீனிங் த ரோலர், த மோட்டர் வோஸ் ஸ்டார்ட்டட்' என்ற வாக்கியம். தமிழில் 'ரோலரைத் துப்புரவு செய்தபின் மோட்டர் இயக்கப்பட்டது' என்றால் எவரும் குழம்பமாட்டார். ஆங்கில இலக்கணப்படியோ, ரோலரைத் துப்புரவு செய்ததே மோட்டர்தான் என்றாகிவிடும். 'ஆஃப்டர் த ரோலர் வோஸ் கிளீன்ட்' என்று தொடங்கினால் சிக்கல் தீரும். செயப்பாட்டு வினையே கூடாதென்பார் சிலர். செய்தவரைவிடச் செய்த வேலை முக்கியமாகும் பராமரிப்பு அறிக்கையில் அது பொருத்தமானதே என்பது என் கருத்து.

எக்விப்மென்ட், மெஷினரி, இன்ஃபர்மேஷன் ஆகியவற்றின் இறுதியில் 'எஸ்' சேர்க்க வேண்டாம். முதன்முறை குறிப்பிடும்போது 'எ பெல்ட்' என்றும், அதையே மீண்டும் சுட்டும்போது 'த பெல்ட்' என்றும் எழுதுங்கள்.